ஃப்ளோட் டியூபில் மீன்பிடிக்கத் தொடங்குவது எப்படி? எதை மாற்றியமைக்கலாம்?

ஃப்ளோட் டியூப் என்பது இருக்கை வைத்த, காற்றடைத்த மிதவை. கால்களைத் தண்ணீருக்குள் விட்டு, காலில் மாட்டிய துடுப்பால் உதைத்து நகர்கிறோம். அதனால் இரு கைகளும் தூண்டிலுக்கே கிடைக்கின்றன. சக்கர நாற்காலியில் அமர்ந்து தரையைக் காலால் உந்தினால் பின்னால் உருளுமே, அதுபோல இதுவும் முதுகுப்பக்கமாகவே போகும். அடிக்கடி திரும்பிப் பாருங்கள்.

முதலில் காற்று பலமாக வீசாத ஏரியில் பழகுங்கள். ஓடும் ஆறு வேண்டவே வேண்டாம்.

மாற்றங்களில் தூண்டில் தாங்கிதான் முதல் தேவை. கைக்கெட்டும் இடத்தில் பொருத்துங்கள், முட்கள் மிதவையில் உரசக்கூடாது. குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி மிதவை தொய்யும்; சற்றுநேரம் கழித்து மீண்டும் அடைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் கரையேற்றினால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள்.

மிதவையே தாங்கும், உயிர்காப்புச் சட்டை எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். மிதவை கிழிந்தாலோ கவிழ்ந்தாலோ உங்களைத் தாங்குவது அந்தச் சட்டை மட்டும்தான்.