வற்றிய ஊருணியில் ஒரு பிஎம்எக்ஸ்

சைக்கிள் காக்கா பதில்கள்

கீழக்கரையில் சிறுவயது முதல் சைக்கிள் கடையில் இருப்பவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். காக்கா என்றால் இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணன்.

எண்பதுகளில் பிஎம்எக்ஸ் ஓட்டிய கதையை என் பெரிய காக்கா இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்தச் சின்னச் சைக்கிளில் அப்படி என்னதான் இருந்தது?
– வாசகர், ஏர்வாடி

அவர் சொல்லட்டும், தடுக்காதீர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

1985-இல் எங்கள் தெருவுக்கு முதல் பிஎம்எக்ஸ் வந்தது. துபாய்க்குச் சபுர், அதாவது பிழைப்புக்குப் பயணம், போயிருந்த அடுத்த வீட்டு மாமா, மகனுக்காக அட்டைப்பெட்டியில் கட்டிக் கொண்டுவந்தார். சக்கரம் தனியாக, ஹேண்டில்பார் தனியாக. மாட்டித் தரச்சொல்லி, நான் எடுபிடியாக இருந்த கடைக்குத்தான் பெட்டி வந்தது. எனக்கு அப்போது 12 வயது. அதுவரை எங்களுக்குச் சைக்கிள் என்றால் மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்து, பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் அடிக்கும் கறுப்புச் சைக்கிள்தான். இதில் மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை. ஹேண்டில்பாரின் குறுக்குக் கம்பிக்குப் பஞ்சு உறை போட்டிருந்தார்கள். மீன் கூடையோ தண்ணீர்க் குடமோ எதையும் சுமக்காத ஒரு சைக்கிளை அன்றுதான் முதலில் பார்த்தேன். விளையாடுவதற்கென்றே ஒரு சைக்கிளைச் செய்வார்களா என்று முதலாளியிடம் கேட்டேன். அவரும் பதில் சொல்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்ட இடம் வேண்டுமே. கடற்கரையில் காய்ந்த மணலில் சக்கரம் புதைந்தது. அலை நனைத்த ஓரத்தில் நன்றாக ஓடியது, ஆனால் அன்றைக்கே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால் மறுவாரம் செயின் துருப்பிடித்து நிற்கும். ஊருக்கு வெளியே ஊருணி கிடந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைவது சித்திரையில் வற்றி, அடிமண் வெடித்துக் கல்போல இறுகிவிடும். நாலு பக்கமும் கரைச் சரிவு. மேலிருந்து பெடலைத் தொடாமல் விட்டால் போதும், இறங்கின வேகமே எதிர்க்கரையில் ஏற்றிவிடும்.

அந்த எதிர்க்கரையின் உச்சியில்தான் எனக்கு முதல்முறையாக இரண்டு சக்கரமும் தரையை விட்டன. உயரம் ஒரு முழம் இருந்திருக்கும். அதுவரை கடகடவென்று கேட்டுக்கொண்டிருந்த மண் சத்தம் சட்டென்று நின்றுபோனது. உயரத்தைவிட அந்த நிசப்தம்தான் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. உங்கள் காக்காவிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கும் அது கேட்டிருக்கும்.

சைக்கிள் ஒன்று, நாங்கள் பதினோரு பேர். விழுந்தால் முறை போய்விடும். தடத்தில் கிடக்கும் சீமைக்கருவேல முள்ளைப் பொறுக்கிப் போடுகிறவனுக்கு ஒரு முறை கூடுதல். அப்படியும் பஞ்சர் ஆகும். பழைய டியூபை நீளவாக்கில் கிழித்து, டயருக்கும் டியூபுக்கும் நடுவே படுக்கை போட்டுத்தான் அந்த முள்ளுக்குப் பதில் சொன்னோம். எங்களுக்குள் தொழில் கற்றுக்கொண்ட ஒரே ஆள் நான். அந்தத் தொழிலும் இந்த ஒரு சைக்கிளால் வந்ததுதான்.

பிஎம்எக்ஸ் எங்கே பிறந்தது? யார் தொடங்கியது?
– வாசகி, ராமநாதபுரம்

பெயரிலேயே இருக்கிறது: பைசைக்கிள் மோட்டோகிராஸ். கடைசி எழுத்தான எக்ஸ், குறுக்குக் கோடு மாதிரி இருப்பதால், கிராஸ். 1963-இல் ஷ்வின் என்ற அமெரிக்கச் சைக்கிள் கம்பெனி ஸ்டிங்ரே என்று 20 அங்குலச் சக்கரச் சைக்கிள் ஒன்றை விட்டது. அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாப் பையன்கள் மோட்டார் சைக்கிள் மண்பந்தயத்தைப் பார்த்துவிட்டு, அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெறும் நிலத்தில் பந்தயம் விட ஆரம்பித்தார்கள். 1970-இல் லாங் பீச்சில் அதை ஒழுங்கான போட்டியாக நடத்திய ஸ்காட் பிரைட்ஹாப்ட் மீசை முளைக்காத பையன். கம்பெனிகள் பிறகுதான் வந்தன. பந்தயம் விடாமல் வித்தை காட்டும் வகையை வளர்த்தவர்களில் பாப் ஹாரோ முக்கியமானவர். அவர் தொழிலைத் தொடங்கியது சைக்கிளில் மாட்டும் நம்பர் தகடு செய்து விற்றுத்தான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். 1976, 77-இல் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. வீட்டுக்கு வீடு நீச்சல் குளங்கள் காலியாகக் கிடந்தன. ஸ்கேட்போர்டுப் பையன்கள் அந்த வளைந்த சுவர்களில் ஏறி இறங்கினார்கள், சைக்கிள் பையன்களும் இறங்கினார்கள். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு வேலை ஓடவில்லை, ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டேன். அவர்கள் பெயரை நாங்கள் கேட்டதில்லை, ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. அங்கே தண்ணீர் வற்றிய குளம், இங்கே தண்ணீர் வற்றிய ஊருணி. சைக்கிள் வெளிநாட்டில் இருந்து வந்தது. அதை என்ன செய்வது என்று எங்களுக்குச் சொன்னது எங்கள் ஊர்ச் சரிவு.

பாம்பன் பாலத்தில் பிஎம்எக்ஸ் ஓட்டியதுண்டா?
– வாசகர், மண்டபம்

உண்டு. சாலைப் பாலம் 1988 அக்டோபரில் திறந்தார்கள். அதுவரை ரயிலோ படகோதான். அடுத்த வருஷம் மேற்குக் காற்று அடிக்கும் கச்சான் காலத்தில் மூன்று பேர், பஸ் மேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு மண்டபம் வந்தோம். இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். போகும்போது காற்று முதுகைத் தள்ளியது. திரும்பும்போது நடுப்பாலத்து மேட்டில் காற்று எதிரே நிற்க, கியர் இல்லாத அந்தச் சைக்கிளில் நான் இறங்கித் தள்ளினேன்.

அண்ணே, அப்பா சிங்கப்பூரில் இருந்து கொண்டுவந்த பழைய பிஎம்எக்ஸ் கொட்டகையில் துருவேறிக் கிடக்கிறது. பெயின்ட் அடித்துச் சுவரில் மாட்டலாமா, ஓட்ட முடியுமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பெயின்டில் கை வைக்காதீர்கள் தம்பி. அந்த ஸ்டிக்கர் போனால் போனதுதான். குரோம் பூச்சில் மேலோட்டமாகத் துரு இருந்தால், சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், பெரும்பாலும் போய்விடும். பிறகு சீட்டுக் கம்பியை உருவிப் பாருங்கள். கடலோரத்துச் சைக்கிள் உள்ளிருந்துதான் சாகும். குழாய்க்குள் இருந்து துருத்தூள் கொட்டினாலோ, ஹேண்டில்பாருக்குக் கீழே வெல்டிங் ஓரத்தில் குழி விழுந்திருந்தாலோ, தெருவில் மெதுவாக ஓட்டுவதும் வேண்டாம், தாண்டுவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

கிராங்கைக் கழற்றும்போது கவனம், பெடல் மாட்டியிருக்கும் இரும்புக் கைதான் கிராங்கு. நம்ம சைக்கிளில் காட்டர் பின்னைத் தட்டி எடுத்தால் கிராங்கு வந்துவிடும். பழைய பிஎம்எக்ஸ் பலவற்றில் பின்னே கிடையாது. இரண்டு கிராங்கும் நடு அச்சும் சேர்ந்து வளைத்த ஒரே இரும்பு. இடப்பக்கத்து நட்டும், பால்ரஸை அழுத்திப் பிடிக்கும் கோனும் இடது மரை, வலப்பக்கமாகச் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் நான் வழக்கம்போல இடப்பக்கமாக மொத்தப் பலத்தையும் கொடுத்து மரையைத் தின்றுவிட்டேன். அடுத்த வீட்டுப் பையனின் சைக்கிள் ஐந்து மாதம் படுத்துக் கிடந்தது, ஊருணி நிறைந்து அந்த வருஷக் கோடையே போய்விட்டது. பதினோரு பேரில் ஒருவன்கூட என்னைத் திட்டவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. அந்தக் கிராங்குக்கு அரை அங்குலப் பெடல்தான் ஏறும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் நம்ம ஊர்ப் பக்கம் ஒரு பெண்பிள்ளையாவது பிஎம்எக்ஸ் ஓட்டினாளா? என் மகள் இப்போது கேட்கிறாள்.
– வாசகி, பெரியபட்டினம்

ஊருணிக்கு யாரும் வரவில்லை தங்கச்சி. வர விடவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. ஆனால் என் உடன்பிறந்த தங்கச்சி ஓட்டினாள். சைக்கிள் மராமத்துக்கு எங்கள் வீட்டில் கிடக்கும் இரவுகளில், முற்றத்துக்குள்ளேயே எட்டு போடுவாள். ஒரு பக்கம் துணி துவைக்கும் கல், மறுபக்கம் உரல். அந்த இடுக்கில் காலை ஊன்றாமல் எட்டு போட எங்கள் கூட்டத்தில் ஒருவனாலும் முடியாது. உம்மா திண்ணைப் பக்கம் காவலுக்கு நிற்பார்.

2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிஎம்எக்ஸ் பந்தயம் முதல்முறையாகச் சேர்ந்தபோது, பெண்கள் பிரிவில் பிரான்சின் ஆன் கரோலின் ஷோசோன் தங்கம் வாங்கினார். அன்று தங்கச்சிக்குப் போன் போட்டேன். "அந்த உரல் இன்னும் அங்கேயேதான் கிடக்கா காக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். சீட்டை நன்றாக இறக்கி வைத்துத் தருகிறேன், நின்றபடி ஓட்டப் பழகட்டும். இந்த வருஷம் ஊருணியில் இன்னும் தண்ணீர் கிடக்கிறது. சித்திரைக்கு வந்தால் சரியாக இருக்கும்.