வாசகர் கேள்வி பதில்: பாதிப்பை ஒப்புக்கொண்ட திட்டத்துக்கும் அனுமதி எப்படி?

கேள்வி: ஒரு சுரங்கத் திட்டத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையிலேயே நிலத்தடி நீர்மட்டம் இறங்கும், காடு குறையும் என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் அனுமதி கிடைத்துவிட்டது. இது சட்டப்படி செல்லுமா? செல்லுமென்றால் அறிக்கை எதற்கு?

பதில்: பெரும்பாலான நாடுகளில் செல்லும். தாக்க மதிப்பீட்டுச் சட்டம், அதிகாரி எவற்றையெல்லாம் அறிந்த பிறகு கையெழுத்திட வேண்டும் என்று வகுக்கிறதே தவிர, என்ன முடிவெடுக்க வேண்டும் என்று கட்டளையிடுவதில்லை. இம்முறைக்கு முன்னோடியான அமெரிக்கத் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் 1970 ஜனவரி 1 அன்று கையொப்பமானது. அதன் வரம்பு எதுவரை என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1989-இல் மெத்தோ பள்ளத்தாக்கு வழக்கில் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள மத்திய அரசு வனமொன்றில் பனிச்சறுக்கு விடுதி அமைப்பது பற்றிய வழக்கு அது. விடுதி வந்தால் அங்குள்ள மான் கூட்டத்தில் 15 சதவீதம் குறையலாம் என்று மத்திய அரசின் வனத்துறையும், பாதியே போய்விடலாம் என்று மாநிலத் துறையும் கணித்திருந்தன. உரிய நடைமுறைகளை நிறைவேற்றிய பிறகு வனத்துறை அனுமதி வழங்குமானால், 15 சதவீதமோ 50 சதவீதமோ, ஏன், மான்கள் முழுவதுமே அழிய நேர்ந்தாலும் அது இச்சட்டத்தை மீறியதாகாது என்றது நீதிமன்றம்.

அறிக்கை வெறும் சடங்கு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். எழுதாமல் விட்ட பாதிப்புதான் வழக்கில் அனுமதியைக் கவிழ்க்கிறது. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்து எண்ணெய்க் கிணறுகளுக்குத் தரப்பட்ட அனுமதியைப் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2024-இல் ரத்து செய்தது. கிணற்றடியில் வெளியாகும் வாயுக்களைக் கணக்கிட்ட அறிக்கை, அந்த எண்ணெய் பின்னர் எரிக்கப்படும்போது வெளியாவதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பதே காரணம். முழுமையாகக் கணக்கிட்ட பிறகும் அனுமதி வழங்க உள்ளாட்சி மன்றத்துக்குத் தடையில்லை என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே, உங்கள் அறிக்கை பாதிப்பை ஒப்புக்கொண்டிருப்பது, வழக்கு என்று வரும்போது, உங்களைவிட நிறுவனத்துக்கே சாதகமாக அமையக்கூடும்.

கேள்வி: திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனமே பணம் கொடுத்து ஆலோசகரை அமர்த்தி அறிக்கை எழுத வைக்கிறது. அதை எப்படி நம்புவது?

பதில்: நம்ப வேண்டியதில்லை, படித்துச் சோதித்தால் போதும். இந்த ஏற்பாட்டில் உள்ள நலமுரண் பல நாடுகளில் சுட்டிக்காட்டப்பட்டும் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. மதிப்பீட்டுக்கான கட்டணத்தை நிறுவனத்திடமிருந்து அரசு வாங்கிக்கொண்டு, ஆலோசகரைத் தானே நியமிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஓர் அறிக்கை கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது சுருக்கத்தை அல்ல, அளவெடுத்த தேதிகளை. ஓடையின் நீரோட்டத்தையும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் எந்த மாதங்களில் அளந்தார்கள் என்று பாருங்கள். கோடையில் மட்டும் அளந்தவர், அந்த ஓடையை ‘பருவகால நீரோடை, குறிப்பிடத்தக்க ஓட்டம் இல்லை’ என்று ஒரே வரியில் கடந்துவிட முடியும். மழைக்காலத்தில் அதே ஓடை எத்தனை கிணறுகளுக்கு ஊற்றாக இருக்கிறது என்பது அறிக்கைக்குள் வராமலே போய்விடும். உயிரினப் பட்டியலில் அந்த நிலப்பகுதியில் வாழவே முடியாத ஒரு பறவையோ மரமோ இருந்தால், அது வேறோர் அறிக்கையிலிருந்து படியெடுத்தது என்று சந்தேகிக்கலாம். மாற்று வழிகள் பற்றிய அத்தியாயத்தில், திட்டமே வேண்டாம் என்னும் வழி உண்மையாக ஆராயப்பட்டிருக்கிறதா என்பதையும், பக்கத்தில் ஏற்கெனவே இயங்கும் ஆலைகளோடு சேர்த்து ஒட்டுமொத்தத் தாக்கம் கணக்கிடப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கண்ட குறைகளைக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசுவதோடு நிறுத்தாமல், பக்க எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். மேல்முறையீட்டில் நீதிமன்றம் பெரும்பாலும் கோப்பில் உள்ளதைத்தான் பார்க்கும்.

கேள்வி: எங்கள் உள்ளாட்சி மன்றம் திட்டம் வேண்டாம் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டால் அது திட்டத்தைக் கட்டுப்படுத்துமா?

பதில்: தீர்மானத்தின் வலு அதற்குப் பின்னால் நிற்கும் சட்ட உரிமையைப் பொறுத்தது. நிலம், நீர், காடு ஆகியவற்றின்மீது அந்த மக்களுக்குச் சட்டம் ஏற்ற உரிமை எதுவும் இல்லையென்றால், ஒருமனதான தீர்மானமும் பதிவேட்டில் ஒரு கருத்தாகவே நிற்கும். ஒடிசாவின் நியமகிரி மலை இதற்கு மறுபக்கம். அங்கே பாக்சைட் என்னும் அலுமினியத் தாதுவை வெட்டும் திட்டத்தைக் குறித்து 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு, டோங்ரியா கோந்த் பழங்குடியினர் உள்ளிட்ட மக்களின் சமூக, சமய உரிமைகளைக் கிராம சபைகளே பரிசீலிக்க வேண்டும் என்றது. மாவட்ட நீதிபதி நிலையிலான ஒருவர் பார்வையாளராக இருக்க, 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. 2014 ஜனவரியில் மத்திய அரசு திட்டத்தை நிராகரித்தது. அம்மலையைக் காத்ததில் தாக்க மதிப்பீட்டைவிட வன உரிமைச் சட்டத்துக்கே பெரும்பங்கு என்று நான் கருதுகிறேன்.

பொது வளத்தை ஊர்க்காரர்களால் நிர்வகிக்க முடியாது என்று வாதிடுவோருக்கும் விடை உண்டு. சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில், தன்னால் குளிர்காலத்தில் தீனி போட்டுக் காப்பாற்றக்கூடிய மாடுகளுக்கு மேல் எவரும் பொது மேய்ச்சல் மலைக்கு அனுப்பக் கூடாது என்று 1517-இலேயே விதி எழுதி வைத்தார்கள். இதுபோன்ற ஏற்பாடுகளை ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரோம் 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். ஊர் வகுத்த விதியை அரசு மதித்து ஒதுங்கி நிற்பதும் அவர் கண்ட நிபந்தனைகளுள் ஒன்று. ஆகவே, தீர்மானம் போடும் முன் ஏரி, மேய்ச்சல் நிலம், காட்டுப் பாதை ஆகியவை யார் பெயரில், எந்த வகைப்பாட்டில் பதிவாகியிருக்கின்றன என்பதற்கான ஆவணங்களை எடுத்து, விடுபட்ட உரிமைகளைக் கோரி விண்ணப்பியுங்கள்.

கேள்வி: எல்லைக்கு அப்பால், அண்டை நாட்டில், ஆற்றின் மேற்பகுதியில் ஆலை வருகிறது. தாக்க மதிப்பீடு செய்யும் கடமை அவர்களுக்கு உண்டா?

பதில்: உண்டு. உருகுவே ஆற்றங்கரைக் காகிதக்கூழ் ஆலைகள் குறித்து அர்ஜென்டினா தொடுத்த வழக்கில், எல்லை தாண்டிக் கணிசமான தீங்கு நேரக்கூடிய இடத்தில் தாக்க மதிப்பீடு செய்வது பொதுச் சர்வதேசச் சட்டத்தின் கீழ் கடமை என்று சர்வதேச நீதிமன்றம் 2010-இல் கூறியது. மதிப்பீட்டில் எவை இடம்பெற வேண்டும் என்பதை மட்டும் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே விட்டுவிட்டது.