எஸ்.ஏ.சி.டி. தட்டுகளைப் போட்டுக் கேட்க மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பிளேயர் கிடைக்குமா?

வீட்டில் கொஞ்சம் சூப்பர் ஆடியோ சீ.டி. (சுருக்கமாக எஸ்.ஏ.சி.டி., சாதாரண சீ.டி.யைவிடக் கூடிய தரத்தில் பாட்டுப் பதிந்த தட்டு) தட்டுகள் இருக்கின்றன, கடை கடையாக ஏறி இறங்கியும் பிளேயர் இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டில் இருந்த யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன தட்டுகளாகத்தான் இருக்கும். இந்தப் பக்கம் காசு கொடுத்து வாங்கியிருக்க வழியில்லை.

புதுசு கடையில் கிடைக்காது. பழைய சோனி புளூரே பிளேயர் ஒன்று தேடுங்கள். இதோடு பதிலை முடித்துவிடலாம்தான். ஆனால் இந்தத் தட்டு விஷயத்தில் நான் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை. அதையும் கேளுங்கள்.

2017இல் என் மச்சான், அதாவது அக்காவின் புருஷன், டோகாவில் வேலை முடித்துக் கல்லடிக்குத் திரும்பும்போது ஒரு பிஸ்கட் டின் நிறையத் தட்டுகள் கொண்டுவந்தார். அவர் வேலை செய்த இடத்து மனேஜர் வீட்டைக் காலி பண்ணும்போது கொடுத்தாராம். மொத்தம் 14. பியானோ, வயலின், மூன்று நான்கு ஜாஸ். தமிழ்ப் பாட்டு ஒன்றும் இல்லை என்று அக்காவுக்குக் கோபம். நான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டு டி.வி.டி. பிளேயரில் போட்டேன், பாடியது. 13 தட்டு பாடியது. ஒன்று மட்டும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு "நோ டிஸ்க்" என்றது. அது பழுது என்று முடிவு கட்டி, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருக்கும் சித்திக்குக் கொடுத்துவிட்டேன். சோளன் தோட்டத்தில் கிளி விரட்டக் கட்டித் தூக்குவதற்குப் பழைய தட்டுகள் கேட்டுக்கொண்டிருந்தா.

மிச்சம் 13ஐயும் வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! வீட்டுக்கு வருகிற ஆளையெல்லாம் பிடித்து இருத்தி, "சாதாரண சீ.டி. செக்கனுக்கு 44,100 தடவைதான் சத்தத்தை அளந்து வைக்கிறது, இது 28 லட்சம் தடவை, கேளுங்க, அந்த வில்லு நரம்பில் உரசுகிற சத்தம் கேட்குதா" என்பேன். கேட்குது, கேட்குது என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார்கள். இப்படி மூன்று வருஷம்.

ஒருநாள் அக்காவின் மகன் வந்தான். சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்த பெடியன். பாட்டைக் கேட்கவே இல்லை. பிளேயரின் முகப்பில் பச்சையாக எரிந்த எழுத்தைக் குனிந்து பார்த்தான்.

"மாமா, இதில சீ.டி. எண்டுதானே காட்டுது?"

விஷயம் இதுதான். சோனியும் பிலிப்ஸும் 1999இல் இந்தத் தட்டை இறக்கியபோது, சாதாரண சீ.டி. பிளேயர் வைத்திருக்கிறவன் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று இரண்டு தளம் உள்ள தட்டும் செய்தார்கள். மேலதிகத் தரம் உள்ள தளம் தட்டின் நடுப்பகுதியில், 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில். சாதாரண சீ.டி. தளம் அதற்கும் பின்னால், 1.2 மில்லிமீட்டரில். நடுவில் இருப்பது பாதிக் கண்ணாடி மாதிரி. சீ.டி. பிளேயரின் லேசர் ஒளி அதை ஊடுருவிக்கொண்டு பின்தளத்துக்குப் போய்விடும். எஸ்.ஏ.சி.டி. பிளேயரின் ஒளி வேறு அலைநீளம், அது நடுத்தளத்திலேயே பட்டுத் திரும்பும். ஆகவே என் பிளேயர் மூன்று வருஷமும் அந்த நடுத்தளம் இருப்பதே தெரியாமல் பின்னால் இருந்த சாதாரண சீ.டி.யைத்தான் பாடியிருக்கிறது. செக்கனுக்கு அதே 44,100 தடவை.

நம்ம ஊர் வாவியில் மீன் பாடும் என்பார்கள். அந்தப் பாடும்மீனைக் கேட்டேன் என்பவர்களில் எத்தனை பேர் பௌர்ணமி இரவில் வாவியில் தோணி எடுத்துப் போய், துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்திருப்பார்கள்? கல்லடிப் பாலத்தில் நின்று கச்சான் கொறித்துவிட்டுக் கேட்டேன் என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

அதற்குப் பிறகு ரோஷம் வந்துவிட்டது. உண்மையான தளத்தைக் கேட்டே தீருவது என்று புறப்பட்டேன். மட்டக்களப்பு டவுனில் மூன்று கடையில் "பென்டிரைவ்ல ஏத்தித் தரட்டா அண்ணன்?" என்றார்கள். காத்தான்குடியில் ரேடியோ திருத்துகிற காக்கா (முஸ்லிம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர்தான் தட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்கு லென்ஸே வேற தம்பி, என்னட்ட வராது" என்று மரியாதையாகச் சொன்னார்.

பழைய பிளேஸ்டேஷன் 3 என்ற வீடியோ கேம் பெட்டி இதைப் பாடும் என்று அக்காவின் மகன்தான் கண்டுபிடித்தான். அது உண்மை. ஆனால் எல்லாம் இல்லை. கையிலிருந்த 7,000 ரூபாவைக் கொடுத்து ஒன்றை வாங்கிவந்து போட்டால், அதுவும் சீ.டி. தளத்தைத்தான் பாடியது. பிறகுதான் தெரிந்தது: ஆரம்பத்தில் வந்த தடித்த மாடல்கள் மட்டுமே எஸ்.ஏ.சி.டி. படிக்கும். முன்பக்கம் நான்கு யூ.எஸ்.பி. வாசல் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் தொடவே வேண்டாம். அந்தத் தடித்த மாடல்கள் சூடேறிச் சாகிறவை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நம்ம வெயிலுக்கு அது எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

அடுத்தது அம்பாறை மாவட்டம். ஜப்பானில் பாவித்த சாமான் இறக்கி விற்கிற ஒரு கடை. பெயர் வேண்டாம். அங்கே தூசுக்குள் ஒரு பிளேயர், முகப்பில் சூப்பர் ஆடியோ சீ.டி. என்ற முத்திரையோடு! கை நடுங்கியது. "போட்டுக் காட்டுங்க" என்றேன். கடைப் பெடியன் பிளக்கை நேரே சுவரில் சொருகினான். ஜப்பான் கரண்ட் 100 வோல்ட், நம்மது 230. "டப்" என்று ஒரு சத்தம், பின்னால் நூலளவு புகை, எரிந்த பிளாஸ்டிக் மணம். முதலாளி வந்து, "நீங்கதானே போடச் சொன்னீங்க" என்றார். பாதி விலையை என்னிடம் வாங்கிவிட்டார். போடச் சொன்னது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடை வைத்திருக்கிறவனுக்கு வோல்ட் தெரிய வேண்டாமா? பின்பக்கம் அல்லது அடியில் ஒட்டியிருக்கும் எழுத்தைப் படியுங்கள். 100 என்று மட்டும் இருந்தால் வோல்ட் இறக்குகிற டிரான்ஸ்போமர் இல்லாமல் பிளக்கில் கை வைக்க விடாதீர்கள்.

இடையில் 2020இல் பல சாமான்களுக்கு இறக்குமதித் தடையும் வந்தது. கடைசியில் கனடாவில் இருக்கும் சின்னம்மாவின் மகன் ஊருக்கு வரும்போது சோனி பி.டி.பி. எஸ்370 புளூரே பிளேயர் ஒன்றைப் பெட்டிக்குள் உடுப்போடு சுற்றிக் கொண்டுவந்தான். அதற்கும் டிரான்ஸ்போமர் வைத்துத்தான் ஓட்டுகிறேன். இதைவிடப் பிந்திய மாடல் வேண்டுமென்றால் சோனியின் யூ.பி.பி. எக்ஸ்700, எக்ஸ்800 இரண்டும் பாடும், வெளிநாட்டில் ஆள் இருந்தால் சொல்லிவிடுங்கள். ஒப்போ பிளேயர் நல்லது என்பார்கள், நல்லதுதான், 2018இல் செய்வதை நிறுத்திவிட்டார்கள். பெரும்பாலான பிளேயர்கள் எஸ்.ஏ.சி.டி. தளத்தின் சத்தத்தைக் களவுப் பிரதிக்குப் பயந்து ஒப்டிக்கல் வயரில் வெளியே விடாது. எச்.டி.எம்.ஐ. அல்லது சிவப்பு வெள்ளை வயர்தான். கொம்பியூட்டர் டிரைவ் எதுவும் இதைப் படிக்காது, அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்களிடம் இருப்பது டி.வி.டி. ஆடியோ என்றால் கதை வேறு. அதில் அநேகமானவை சாதாரண டி.வி.டி. பிளேயரிலும் ஏதோ ஒரு தரத்தில் பாடும்.

இப்போது கீழே வந்து "காதுக்கு வித்தியாசமே தெரியாது, எல்லாம் வியாபாரம்" என்று எழுதப் போகிறவர்களுக்கு: தெரியும் ஐயா. 2007இல் அமெரிக்காவின் ஆடியோ பொறியியல் சங்கத்து இதழில் மேயர், மோரன் என்ற இருவர் எழுதினார்கள். 500க்கு மேற்பட்ட தடவை ஆட்களை இருத்திக் கேட்கவைத்ததில் சரியாகச் சொன்னது ஏறக்குறையப் பாதிதான், காசைச் சுண்டிப் போட்டால் வருகிற கணக்கு. மூன்று வருஷம் சீ.டி. தளத்தைக் கேட்டுவிட்டு வில்லு உரசுகிறது என்று கண்ணை மூடிய என்னைவிட வேறு சாட்சி வேண்டுமா? இருந்தாலும் சில தட்டில் இரண்டு தளத்துக்கும் வேறு வேறாக மாஸ்டர் செய்திருப்பார்கள், அதாவது தட்டில் பதியுமுன் சத்தத்தை வேறு வேறு விதமாகச் சீர்செய்திருப்பார்கள், அது எந்தக் காதுக்கும் தெரியும். என்னிடம் அப்படி இரண்டு இருக்கின்றன. மற்ற 11இல் சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மச்சானிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

எனக்கு உண்மையில் வயிறெரிகிற விஷயம் வேறு. அப்பா வடமோடிக் கூத்து அண்ணாவியார், அதாவது எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்தைப் பழக்கி, மத்தளம் அடித்து ஆட்டுவிக்கிறவர். 80களில் அவர் பாடியதை ஒரு டேப்பில் பிடித்து வைத்திருந்தோம், இரண்டு கசட். ஆவணப்படுத்தப் போகிறோம் என்று ஒருவர் வந்து, பவ்வியமாகக் கையைக் கட்டி நின்று, வாங்கிக்கொண்டு போனார். 12 வருஷம் ஆகிறது. போன் எடுத்தால் "தேடிக்கொண்டிருக்கிறோம் சேர்" என்கிறார். முகம் தெரியாத மனேஜரின் பியானோவை நான் டிரான்ஸ்போமர் வைத்துக் காப்பாற்றுகிறேன், அப்பாவின் மத்தளம் எந்த அலுமாரிக்குள் கிடக்கிறதோ. சரி, நீங்கள் கேட்டது இது இல்லை.

உங்கள் தட்டுகளின் உறையை முதலில் பாருங்கள். சூப்பர் ஆடியோ முத்திரையோடு வழக்கமான கொம்பக்ட் டிஸ்க் முத்திரையும் இருந்தால் இரண்டு தளம், இப்போதைக்குச் சாதாரண பிளேயரிலேயே கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்த இரண்டாவது முத்திரை இல்லாவிட்டால் ஒரே தளம். சோனி ஆரம்பத்தில் அப்படி நிறைய விட்டது. சாதாரண பிளேயர் அதைப் பார்த்து "நோ டிஸ்க்" என்றுதான் சொல்லும், அதற்காகப் பழுது என்று எறிந்துவிடாதீர்கள்.

ஆமாம், சித்தியின் தோட்டத்தில் தொங்குவது அதுதான். பிளேயர் வந்த கிழமையே வாவியைக் கடந்து அந்தப் பக்கம் போய்க் கேட்டேன். வெயிலில் வெளிறி, ஓரமெல்லாம் கீறல், நைலோன் கயிற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. கழற்றித் தர மாட்டேன் என்றா. மற்றத் தட்டுக்குக் கிளி பயப்படுவதில்லையாம்.