கேள்வி – பதில்: கரைந்தும் பிரியாத உப்புகள்

கேள்வி: டையாக்சேன், பென்சீன் போன்ற கரைப்பான்களில் செறிவு கூடக்கூட உப்பின் மோலார் கடத்துத்திறன் (ஒரு மோல் உப்புக்கான மின்கடத்தும் திறன்) முதலில் குறைந்து, ஒரு கட்டத்துக்குப் பின் ஏறுவது ஏன்?
– முதுகலை வேதியியல் மாணவி, காரைக்குடி

பதில்: இதற்குக் கூலூம் விதியிலிருந்தே தொடங்க வேண்டும். எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட இரு அயனிகளுக்கு இடையிலான ஈர்ப்பு, கரைப்பானின் மின்காப்பு மாறிலிக்கு (அயனிகளின் ஈர்ப்பைக் கரைப்பான் எத்தனை மடங்கு தளர்த்துகிறது என்பதைக் காட்டும் எண்) எதிர்விகிதத்தில் அமைகிறது. 25 டிகிரி செல்சியஸில் அந்த மாறிலி நீருக்கு ஏறத்தாழ 78, டெட்ராஹைட்ரோஃபியூரானுக்குச் சுமார் 7.5, டையாக்சேனுக்கு 2.2. ஆகவே நீரில் உள்ளதைவிடச் சுமார் 35 மடங்கு வலுவான ஈர்ப்பு டையாக்சேனில் நிலவுகிறது. டென்மார்க் வேதியியலாளர் நீல்ஸ் பியெரம் (Bjerrum) 1926-இல் இதற்கு ஓர் எல்லை வகுத்தார்: ஈர்ப்பு ஆற்றல், வெப்ப ஆற்றலின் இரு மடங்காகும் தொலைவுக்குள் வந்துவிட்ட இரண்டு அயனிகளை ‘அயனி இணை’ எனக் கருதலாம் என்றார். ஒற்றை மின்னூட்ட அயனிகளுக்கு அந்தத் தொலைவு நீரில் 0.36 நானோமீட்டர், டையாக்சேனில் ஏறக்குறைய 12.7 நானோமீட்டர். அதாவது, நீரில் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கினால்தான் இணையாகும் அயனிகள், டையாக்சேனில் பல மூலக்கூறுகள் இடையில் நிற்கும்போதே பிணைப்புக்குள் வந்துவிடுகின்றன.

இணையின் நிகர மின்னூட்டம் சுழி என்பதால் அது மின்சாரத்தைக் கடத்துவதில்லை. செறிவு கூடும்போது இணைகளாகச் சேரும் அயனிகளின் பங்கு கூடுகிறது. நிறைதாக்க விதிப்படி (வேதிச் சமநிலையைச் செறிவுகளோடு இணைக்கும் விதி), செறிவை 4 மடங்காக்கினால் மோலார் கடத்துத்திறன் ஏறத்தாழப் பாதியாகிறது. இங்கே பலரும் குழம்புகிறார்கள்: குறைவது ஒரு மோலுக்கான மதிப்பு மட்டுமே, கரைசலின் மொத்தக் கடத்துத்திறன் அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

இனி, நீங்கள் கேட்ட ஏற்றம். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேமண்ட் ஃபூஸும் சார்லஸ் கிரௌஸும் 1933-இல், டெட்ரா ஐசோஅமைல் அம்மோனியம் நைட்ரேட்டை டையாக்சேன்–நீர் கலவைகளில் கரைத்து அளந்தார்கள். (சாப்பாட்டு உப்பு டையாக்சேனில் கரையாது, நீண்ட கார்பன் சங்கிலிகள் கொண்ட பெரிய அயனிகளே இத்தகைய ஆய்வுக்கு உதவும்.) கலவையில் நீரின் அளவை மாற்றுவதன் மூலம், உப்பை மாற்றாமலே மின்காப்பு மாறிலியை 2.2-இலிருந்து 78 வரை நகர்த்த முடிந்தது என்பதே அந்தச் சோதனையின் அழகு. மாறிலி குறைந்த கலவைகளில் மோலார் கடத்துத்திறன் வரைகோடு ஒரு சிறுமத்தைத் தொட்டு மேலேறியது. ஓர் இணையுடன் மூன்றாவது அயனி ஒன்று ஒட்டிக்கொண்டு மின்னூட்டம் உடைய ‘மும்மை அயனி’ உருவாகிறது, அது மீண்டும் மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். பாடநூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றன. என் கருத்தில் அது போதாது. அடுத்த வாசகரின் கேள்வி அதற்கான காரணத்தைத் தொடுகிறது.

கேள்வி: உப்பைச் சேர்த்தால் நீரின் மின்காப்பு மாறிலி குறைகிறது; டையாக்சேனில் மட்டும் கூடுகிறதாமே?
– ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: ஆம், கூடுகிறது. நீரில் தனித்த அயனிகள் தம்மைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொள்வதால், மின்புலத்துக்கு ஏற்பத் திரும்பக்கூடிய மூலக்கூறுகள் குறைகின்றன, மாறிலியும் இறங்குகிறது. முனைவுத்தன்மை குறைந்த கரைப்பானிலோ கரைந்த உப்பின் பெரும்பகுதி இணைகளாக இருக்கிறது. இணைக்கு நிகர மின்னூட்டம் இல்லையே தவிர, அது மிகப் பெரிய இருமுனை, அதாவது ஒரு முனையில் நேர் மின்னூட்டமும் மறுமுனையில் எதிர் மின்னூட்டமும் கொண்டது. மையங்களுக்கு இடையே 0.4 நானோமீட்டர் இடைவெளி இருந்தால், எளிய கணக்கின்படி அதன் இருமுனைத் திருப்புத்திறன் 19 டிபை (திருப்புத்திறனின் அலகு). நீர் மூலக்கூறுக்கு அது 1.85 டிபைதான். இத்தகைய இருமுனைகள் சிறிதளவு சேர்ந்தாலே, 2.2 என்ற தாழ்ந்த மதிப்பு கண்ணுக்குத் தெரியும்படி உயர்கிறது. மாறிலி உயர்ந்தால் ஈர்ப்பு தளர்கிறது, சில இணைகள் மறுபடியும் பிரிகின்றன. ஆகவே கடத்துத்திறன் ஏற்றத்தில் மும்மை அயனிகளுக்கு எவ்வளவு பங்கு, இந்த மறுபிரிகைக்கு எவ்வளவு பங்கு என்று கேட்காமல் முடிவு கட்டக் கூடாது. கடத்துத்திறன், தனித்துத் திரியும் அயனிகளை மட்டுமே காட்டும். இணைகளைக் காண மின்காப்பு மாறிலியையும் அளந்தாக வேண்டும்.

கேள்வி: அப்படியென்றால் லித்தியம் அயனி மின்கலத்தில், மாறிலி வெறும் 3.1 உள்ள டைமெத்தில் கார்பனேட்டை ஏன் சேர்க்கிறார்கள்?
– மாணவர், கோவை

பதில்: அயனிகள் பிரிந்தால் மட்டும் போதாது, நகரவும் வேண்டும். மாறிலி 90 அளவில் உள்ள எத்திலீன் கார்பனேட் உப்பை நன்றாகப் பிரிக்கும். ஆனால் அது 36 டிகிரியில்தான் உருகும், பாகுநிலையும் அதிகம். டைமெத்தில் கார்பனேட் இலகுவாக ஓடும். இரண்டையும் கலந்த கரைசலில், எத்திலீன் கார்பனேட் பெரும்பாலும் லித்தியம் அயனியைச் சூழ்ந்து நிற்க, கரைசல் முழுவதும் இளகி ஓட டைமெத்தில் கார்பனேட் வழிசெய்கிறது.