பழைய கேரவனில் இரண்டு டீசல் டேங்க்: சமதரையில் ஒழுங்காக ஓடும் வண்டி மலையேறும்போது மட்டும் நிற்பது ஏன்?

மன்னார்குடியிலிருந்து வேளாங்கண்ணி போய்வந்தால் ஒன்றுமில்லை, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் எஞ்சின் திணறி நிற்கிறது, டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்பை மாற்றியும் தீரவில்லை என்கிறீர்கள். பம்ப் மேல் பழியில்லை. டெல்டாவில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலமும் ஆற்றங்கரை ஏற்றமும்தான், ஏறிய வேகத்தில் இறங்கிவிடுவோம். அதனால் இந்தக் கோளாறு இங்கே தலைகாட்டாது.

பிற்பாடு சேர்த்த பின் டேங்கை அடியில் ஒரு பேலன்ஸ் பைப் போட்டு முன் டேங்கோடு இணைத்திருப்பார்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் மாதிரி இரண்டிலும் டீசல் ஒரே மட்டத்துக்கு வரப் பார்க்கும். பத்துக்கு ஒன்று ஏற்றத்தில், மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் பின் டேங்க் 30 செ.மீ. தாழ்ந்துவிடும். டேங்க் உயரம் 35 செ.மீ., இரண்டும் பாதி என்று வையுங்கள்: பின்னால் 32.5, முன்னால் வெறும் 2.5 செ.மீ. உறிஞ்சும் குழாய் முன் டேங்கில் இருந்தால், வளைவில் டீசல் ஒதுங்கியதும் காற்றை இழுக்கும். முக்கால் நிரப்பினால் பின் டேங்க் மூடி வழியாக ரோட்டில் ஊற்றும். இடமும் வலமும் டேங்க் உள்ள வண்டியில் இது வராதே என்று சண்டைக்கு வருவார்கள். சரிதான், அங்கே ரோட்டின் பக்கச் சரிவுதான் கணக்கு. நான் சொல்வது முன்பின் டேங்குக்கு.

பேலன்ஸ் பைப்பில் முன் டேங்கை ஒட்டி ஒரு பித்தளை பால் வால்வு போடுங்கள். அடிவாரத்தில் முன் டேங்கை நிரப்பி, வால்வை மூடிவிட்டு ஏறுங்கள். அதற்கு முன், எஞ்சினில் மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பைப் எந்த டேங்கில் விழுகிறது என்று பாருங்கள். உறிஞ்சுவது முன் டேங்க், ரிட்டர்ன் பின் டேங்க் என்றிருந்தால் முன்னது சீக்கிரம் காலியாகும், பின்னது வழியும். எந்த டேங்க் என்று மாற்றிக்கொள்ளும் செலக்டர் வால்வு வைப்பதானால் சப்ளை, ரிட்டர்ன் இரண்டையும் சேர்த்து மாற்றும் ஆறு வாய் வால்வுதான் வேண்டும். டேங்குக்கு ஒரு பிரீதர், அதாவது காற்று போய்வரும் துளை, கட்டாயம். மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று உள்ளே போனால் பிரீதர் அடைத்திருக்கிறது.

உறிஞ்சும் குழாய் டேங்கின் பின்பக்கமாக இருப்பது நல்லது. ஏற்றத்தில் டீசல் அங்கேதான் ஒதுங்கும். இறக்கத்தில் டீசல் முன்னால் ஒதுங்கினாலும் கவலையில்லை, கியரில் விட்டு இறங்கும்போது எஞ்சினுக்கு டீசல் தேவையே இல்லாத மாதிரிதான்.

வழியில் டீசல் பைப்பில் ஏர் பிடித்துவிட்டால் செல்ஃபைப் போட்டுப் பேட்டரியைக் கொல்லாதீர்கள். ஃபில்டர் தலையில் காற்றை வெளியேற்ற உள்ள பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப் பம்பை நுரை நின்று டீசல் தெளிவாக வரும்வரை அடித்து, ஸ்க்ரூவை முறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்ப் ஸ்க்ரூவையும் இதே மாதிரி. அப்படியும் பிடிக்காவிட்டால் நாசில் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, செல்ஃபில் எஞ்சினைக் கொஞ்சம் சுற்ற வேண்டும். கசிந்தால் காப்பர் வாஷரை மாற்றுங்கள்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடை. ராத்திரியில் கண்ணுக்கே தெரியாது, யாரிடம் சொல்லியும் பயனில்லை. தாழத் தொங்கும் பேலன்ஸ் பைப்தான் முதலில் அடிவாங்கும். அதை சேசிஸ் மட்டத்துக்குள் ஏற்றி, ரப்பர் வைத்து கிளாம்ப் போட்டுவிடுங்கள்.