மாமா பார்க்கும் கபடி

வணக்கம் ஐயா,

2017-இல் புரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸ் வந்த நாளிலிருந்து நான் அந்த அணியின் ஆள். முதல் இரண்டு சீசனில் பிரிவில் கடைசி, மூன்றாவதில் மொத்தப் பட்டியலிலேயே கடைசி. அப்போதும் விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் இடைவேளைக்குப் பிறகு பத்துப் புள்ளி பின்தங்கினால் டிவியை அணைத்துவிடுகிறேன். அன்றைக்குச் சாப்பாடும் இறங்குவதில்லை. எங்கள் மாமா அந்தக் காலத்தில் ஊருக்காகச் சடுகுடு ஆடியவர். பாட்னாவும் ஹரியானாவும் மோதினாலும் முழுசாக உட்கார்ந்து பார்க்கிறார். "நீ கபடியாடா பாக்குற? நம்பரப் பாக்குற" என்று போன வாரம் சொல்லிவிட்டார். சுருக்கென்றது. ஓர் அணியின் ரசிகனாக இருப்பது ஆட்டத்தை ரசிக்கத் தடையா? அணி இல்லாமல் பார்ப்பதைப் பழகிக்கொள்ள முடியுமா?

செ., கும்பகோணம்

அன்புள்ள செ.,

மாமா சொன்னதில் பாதி சரி. மற்ற பாதிக்குப் பிறகு வருகிறேன்.

நம்பரைப் பார்ப்பதில் தப்பில்லை, நீங்கள் பார்ப்பது தப்பான நம்பர். கபடியில் ஸ்கோர் கொஞ்சம் தாமதமாகத்தான் உண்மையைச் சொல்லும். வெளியே போன ஆட்டக்காரர் திரும்பி வர வேண்டுமானால், பொதுவாக அவருடைய அணி எதிராளி ஒருவரைத் தொட்டோ பிடித்தோ அவுட்டாக்க வேண்டும். ஓர் அவுட்டுக்கு ஓர் ஆள், அதுவும் வெளியே போன வரிசையில். எதிரணிக் களத்தின் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைப்பதற்குக் கிடைக்கும் போனஸ் புள்ளிக்கு யாரும் திரும்ப மாட்டார்கள். உங்கள் அணியின் முக்கிய ரெய்டர், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவர், வெளியே மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர்கள் அடுத்தடுத்து இரண்டு போனஸ் எடுக்கிறார்கள். ஸ்கோர் இரண்டு ஏறுகிறது, நீங்கள் கை தட்டுகிறீர்கள். வெளியே இருப்பவர் வரிசையில் ஓர் இடம்கூட முன்னே வரவில்லை. அவர் வருவதற்கு இன்னும் மூன்று அவுட் தேவை. அதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடலாம். ஆட்டம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் இப்படித்தான், ஸ்கோரில் தெரிவதற்கு வெகு முன்பே.

இதைப் பார்க்க ஒரு தாளும் பேனாவும் போதும். நடுவே ஒரு கோடு, இரண்டு பக்கம் இரண்டு அணி. ஒவ்வொரு ரெய்டு முடிந்ததும் களத்தில் இருக்கும் ஆள் எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள்: 7-6, 7-5, 6-6. முக்கிய ரெய்டர் வெளியே இருந்தால் அந்த எண்ணுக்குக் கீழே ஒரு கோடு. யாருக்கும் புள்ளி கிடைக்காத வெறும் ரெய்டாகப் போனால் ஒரு பொட்டு வையுங்கள். தொடர்ந்து இரண்டு பொட்டு விழுந்தால் அந்த அணியின் அடுத்த ரெய்டு 'டூ ஆர் டை'. அதிலும் வெறுங்கையோடு வந்தால் ரெய்டரே அவுட். ரசிகர்கள் சலித்துக்கொள்ளும் அந்த இரண்டு வெறும் ரெய்டுகள் பெரும்பாலும் திட்டமிட்டவை. பெரிய ரெய்டரைப் பாதுகாத்துவிட்டு, மூன்றாவதற்கென்றே பழகிய ஓர் ஆளை அனுப்புவார்கள். எதிரணியும் அதற்குத்தான் காத்திருக்கும்.

அடுத்தது கண். டிவி கேமரா ரெய்டரின் பின்னாலேயே போகும், உங்கள் கண்ணும் கூடவே போகும். பத்து நிமிடத்துக்கு ரெய்டரை விட்டுவிட்டு ஒரே ஒரு கார்னர் ஆட்டக்காரரின் காலை மட்டும் பாருங்கள். ஏழு பேர் நிற்கும்போது இரண்டு ஓரத்திலும் கார்னர்கள், அவர்களுடன் கை கோத்து 'இன்' ஆட்டக்காரர்கள், நடுப்பக்கமாகக் கவர்கள், மையத்தில் ஒருவர். நல்ல கார்னர் குதிகாலை ஊன்றி நிற்க மாட்டார். எடை முன்பாதத்தில் இருக்கும், முழங்கால் மடங்கியிருக்கும். ரெய்டர் போனஸுக்குக் கால் நீட்டும் கணம்தான் அவருடையது. ஏனென்றால் போனஸ் கிடைக்க ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டித் தரையில் படும்போது மற்றக் கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். அதாவது ரெய்டரின் மொத்த உடலும் அந்த ஒரு காலில் நிற்கிறது. கணுக்காலைப் பிடிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. அரை நொடி தாமதித்தால் கால் போய்விடும், கையில் காற்றுதான்.

கவரின் வேலை வேறு. ரெய்டர் திரும்பி நடுக்கோட்டைப் பார்த்து ஓடத் தொடங்கும்போது குறுக்கே பாய்வது அவர். கார்னர் பிடித்தவுடன் கவர் வந்து சேர்ந்தால்தான் பிடி நிற்கும். இது எங்கே கெடுகிறது? பெரும்பாலும் பின்தங்கிய அணியின் கார்னர் பொறுமை இழந்து, ரெய்டர் கால் நீட்டுவதற்கு முன்பே தானாகப் பாய்வதில். வர்ணனையில் 'அட்வான்ஸ் டேக்கிள்' என்பார்கள். கவர் இன்னும் தயாராகவில்லை. பதறி இரண்டு பேர் பின்னால் விழுகிறார்கள். ரெய்டர் மூவரையும் இழுத்துக்கொண்டு விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொடுகிறார். மூன்று பேரும் வெளியே. ரசிகனுக்கு அது "மூணு பாயின்ட் போச்சு". கால்களைப் பார்த்தவருக்கோ பாய்வதற்கு முந்தைய ரெய்டிலேயே அந்தக் கார்னரின் குதிகால் தரையில் இறங்கியது தெரிந்திருக்கும்.

உங்கள் மாமா இதையெல்லாம் பார்க்கிறார் என்றே நினைக்கிறேன். மூச்சு இருக்கும்வரைதான் பாட்டு என்ற காலத்தில் ஆடியவர். இன்று மூச்சு விடாமல் பாட வேண்டும் என்ற விதியோடு 30 விநாடிக் கடிகாரமும் சேர்ந்திருக்கிறது.

இனி மாமா சொல்லாத பாதி. எந்தப் பக்கமும் சாயாமல் பார்ப்பது கேட்க உயர்வாக இருக்கும். ஆனால் அதற்கும் ஒரு நோய் உண்டு. ஈடுபாடு இல்லாத கண் முதல் பாதி முடிவதற்குள் தளர்ந்துவிடும். பிறகு ஒரே ரெய்டில் மூன்று புள்ளிக்குக் குறையாமல் எடுக்கும் சூப்பர் ரெய்டுகளின் தொகுப்பைப் போனில் பார்த்துவிட்டு ஆட்டம் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளும். ஒரே அணியைப் பல சீசன் பார்த்தவருக்குத்தான் அந்த அணியின் இடது கார்னர் களைத்தால் தோள் எப்படி இறங்கும் என்பது தெரியும். உங்கள் மாமாவும் ஊர் அணிக்காக ஆடித்தானே இந்தக் கண்ணைப் பெற்றார்? ஆகவே அணியை விட வேண்டாம்.

அணி என்று எதைச் சொல்கிறோம் என்பதில் மட்டும் கொஞ்சம் தெளிவு வேண்டும். 2016-இல் புரோ கபடியின் நான்காவது சீசனைப் பாட்னா பைரட்ஸ் வென்றது. கோப்பையைத் தூக்கிய கேப்டன் தர்மராஜ் சேரலாதன், தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், உங்கள் பக்கத்து ஆள். அப்போது தமிழ்நாட்டுக்கு அணியே கிடையாது. மறு ஆண்டு தமிழ் தலைவாஸ் வந்தபோது கேப்டன் அஜய் தாகூர், இமாச்சலக்காரர். இதில் வருந்த ஒன்றுமில்லை, ஏலம் அப்படித்தான். ஆனால் ஒரே பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால் ஏமாற்றம் வரும். 2022-இல் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்த பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசனுக்கே வெளியேறினார். அன்றோடு பார்ப்பதை நிறுத்தியவர்களுக்கு நஷ்டம். அந்த சீசனில் அறிமுகமான நரேந்தர் 243 ரெய்டு புள்ளி எடுத்தார். வலது கார்னரில் சாகர், இடது கார்னரில் சாஹில் குலியா. அணி முதல்முறையாக அரையிறுதிவரை போனது. என் கணக்கில் அது கார்னர்களின் சீசன்.

ரசிகனின் கண் உண்மையிலேயே பொய் சொல்வது ஓரிடத்தில்தான்: லாபி, களத்தின் இரண்டு பக்க ஓரத்திலும் உள்ள பட்டை. யாரையும் தொடாமல் லாபியில் கால் வைத்தால் ரெய்டர் அவுட். தொட்டபிறகு, அல்லது பிடியில் இருக்கும்போது, லாபியும் களம்தான். எனவே எது முதலில், தொட்டதா கால் வைத்ததா என்பதுதான் கேள்வி. நம்மவர் என்றால் தொட்டது முதலில் தெரியும், எதிராளி என்றால் கால். மறுஒளிபரப்பு வரும்போது இரண்டு ஜெர்ஸியையும் மனதுக்குள் மாற்றிப் போட்டுவிட்டு, நடுவர் சொல்வதற்கு முன்பே உங்கள் தீர்ப்பைச் சத்தமாகச் சொல்லுங்கள். மாமா பக்கத்தில் இருந்தால் பந்தயம்கூட வைக்கலாம், டீக்கு.

ஊரில் இரவுப் போட்டி நடந்தால் போங்கள். கூட்டம் நடுக்கோட்டுக்கு நேராக அடைத்துக்கொள்ளும். நீங்கள் பின்கோட்டின் மூலைக்குப் போய், கார்னருக்குப் பின்னால் நில்லுங்கள். ரெய்டரின் முகம் உங்களைப் பார்த்து வரும். அவர் கண் ஒரு பக்கமும் இடுப்பு இன்னொரு பக்கமும் போவது டிவியில் ஒருநாளும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

கடைசியாக, அணைத்துவிடும் பழக்கம். பத்துப் புள்ளி பின்தங்கினால் ஆட்டம் முடிந்தது என்பது பல நாள் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது நான்கு புள்ளி வித்தியாசம் என்றால் இதைக் கவனியுங்கள். முந்தியிருக்கும் அணி 30 விநாடியையும் முழுசாகத் தின்னப் பார்க்கும். ரெய்டர் கட்டாயம் தாண்ட வேண்டிய கோடான பாக் லைனைத் தாண்டிவிட்டு, யாரையும் தொடாமல் திரும்பும். ஆளுக்கு இரண்டு ரெய்டுதான் மிச்சம். ஆனால் உங்கள் தாளில் அந்த அணியின் பக்கம் ஏற்கனவே தொடர்ந்து இரண்டு பொட்டு விழுந்திருந்தால், அடுத்த முறை அவர்கள் நேரம் கடத்த முடியாது, உள்ளே இறங்கியே ஆக வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் அணியில் மூன்று பேர்தான் நிற்கிறார்கள் என்றால் இன்னும் நல்லது. ஆறு பேருக்குக் குறைந்தால் போனஸ் கிடையாது, எனவே ரெய்டர் தொட்டே தீர வேண்டும். மூவரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. நான்கு இரண்டாகிவிடும், வெளியே இருக்கும் ஓர் ஆளும் உள்ளே வருவார். வரிசையில் முதலில் இருப்பது யார் என்பதை மட்டும் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.