சகுரா என்று வாங்கிய மரம் பூக்கவில்லை: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: இணையத்தில் 'சகுரா செர்ரி போன்சாய்' விளம்பரம் பார்த்து 2,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். படத்தில் மரம் முழுக்க இளஞ்சிவப்புப் பூ. ஆறு மாதத்தில் பூக்கும் என்றும் போட்டிருந்தார்கள். ஒரு வருடமாகிறது, வெறும் இலைதான். கேட்டால் 'செடிகளைத் திரும்ப எடுப்பதில்லை' என்கிறார்கள். என்ன செய்யலாம்?
(வாசகி, பெரம்பூர்)

பதில்: கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதற்கு முன்னால் தொட்டியில் இருப்பது என்ன மரம் என்று பார்த்துவிடுங்கள். ஓர் இலையைக் கையில் எடுங்கள். நிஜச் சகுரா, அதாவது ஜப்பானியச் செர்ரி என்றால் இலையின் ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும். காம்பு இலையோடு சேரும் இடத்தில் பெரும்பாலும் கடுகளவில் இரண்டு சிறு முடிச்சுகள் தெரியும். கிளையில் இலைகள் ஒன்று மாற்றி ஒன்றாக வரும். ஓரம் வழவழப்பாக, இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருந்தால் அது பெரும்பாலும் பார்படோஸ் செர்ரி. இலை மெத்தென்று ரோமமாகப் பிசுபிசுத்தால், பள்ளிக்கூட வாசலில் நாம் பறித்துத் தின்ற தேன்பழ மரம். இவை இரண்டும் சகுராவுக்கு உறவே இல்லை.

ஒருவேளை நிஜச் சகுராவாகவே இருந்தாலும் இங்கே பூக்காது. ஜப்பானியச் செர்ரி மொட்டுகள் உறக்கம் கலைய, குளிர்காலத்தில் சுமார் 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் வேண்டும். சென்னையில் மார்கழி விடியற்காலையிலேயே வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. (தொட்டியை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். சாம்பார் வைக்க இடம் வேண்டாமா?) ஆகவே சென்னை முகவரிக்கு 'ஆறு மாதத்தில் பூக்கும்' என்று சொல்லி விற்றதே தவறான விளம்பரம்தான்.

'திரும்ப எடுப்பதில்லை' என்ற வரி இங்கே செல்லாது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பணம் கட்டிய விவரம், இலையும் தண்டும் தெளிவாகத் தெரியும் படங்கள், இவற்றோடு அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அசையவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2,400 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் அலைய வேண்டுமா என்றால், என் அபிப்பிராயத்தில் 1915 வரைக்கும் கண்டிப்பாகப் போகலாம்.

கேள்வி: நர்சரியில் வாங்கிய பார்படோஸ் செர்ரி போன்சாய். ஐப்பசி மழைக்குப் பிறகு இலையெல்லாம் புள்ளி, உதிர்கிறது. கடைக்காரர் மூன்று மருந்து எழுதித் தந்தார். எதை வாங்குவது?
(வாசகர், வேளச்சேரி)

பதில்: இப்போதைக்கு மூன்றையும் வாங்காதீர்கள். முதலில் தொட்டியைச் சாய்த்து அடி ஓட்டையைப் பாருங்கள். தென்னை நார்க் கழிவை நிறையப் போட்ட மண் மழைக்காலத்தில் காயவே காயாது. ஒரு வேர் நுனியைக் கிள்ளி இழுத்துப் பாருங்கள். வெள்ளையாக, இறுக்கமாக இருந்தால் நல்லது. பழுப்பாகி, மேல்தோல் உறைபோலக் கழன்று நூல் மட்டும் கையில் நின்றால் வேர் அழுகல். அதற்கு இலைமேல் என்ன தெளித்தாலும் காசு தண்டம். அழுகிய வேரை வெட்டிவிட்டு, பெருமணலும் செங்கல் ஜல்லியும் தாராளமாகக் கலந்த மண்ணுக்கு மாற்ற வேண்டும்.

வேர் நன்றாக இருந்தால் இலைக்கு வாருங்கள். நுனியும் ஓரமும் மட்டும் கருகியிருந்தால் அது பூஞ்சையாக இருக்காது, போர் தண்ணீர் உப்பாக இருக்கலாம். இலையின் நடுவிலும் அங்கங்கே மஞ்சள் வளையத்தோடு பழுப்புப் புள்ளி என்றால் இலைப்புள்ளி நோய். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி வெளியே போடுங்கள். தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், அடியில் தட்டு வேண்டாம், தண்ணீரைக் காலையில் மண்ணுக்கு மட்டும் ஊற்றுங்கள். மொட்டை மாடியில் தொட்டிகள் ஒன்றையொன்று இடிக்காமல் காற்று புகும்படி வையுங்கள்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் ஒரே ஒரு மருந்து போதும்: காப்பர் ஆக்சிகுளோரைடு 50 சதவீதத் தூள், லிட்டருக்கு 2.5 கிராம், மழை இல்லாத மாலையில். இது இலையின் மேற்பரப்பைக் காக்குமே தவிர, விழுந்த புள்ளியை அழிக்காது. புதுத் தளிர் சுத்தமாக வருகிறதா என்று பாருங்கள். பழம் தின்பதாக இருந்தால் காய் பிடித்த நேரத்தில் தெளிக்காதீர்கள்.

வாங்கும்போது 'கொஞ்சமா பொட்டலம் கட்டித் தரேன்' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூடிய பாக்கெட்டில் தயாரிப்பு எண், காலாவதித் தேதி, நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ண முக்கோணம் எல்லாம் இருக்க வேண்டும். பில்லும் கேளுங்கள். பட்டியலில் டிரைக்கோடெர்மா இருந்தால், அது உயிருள்ள நன்மை செய்யும் பூஞ்சை. கடை வாசல் வெயிலில் காய்ந்த பாக்கெட்டில் உயிர் இருக்கும் என்று நம்ப முடியாது. அதையும் ரசாயனப் பூஞ்சைக்கொல்லியையும் ஒரே நாளில் ஊற்றினால், முன்னதை வாங்கிய பணம் பின்னதில் போய்விடும்.

கேள்வி: 'சகுரா போன்சாய் விதை, 20 எண்ணிக்கை, 199 ரூபாய்'. வாங்கலாமா?
(வாசகர், தாம்பரம்)

பதில்: வேண்டாம். போன்சாய்க்கென்று தனி விதை கிடையாது. எந்த மரத்தையும் வெட்டி, கம்பி கட்டித்தான் போன்சாய் ஆக்குகிறார்கள். செர்ரி விதை முளைக்கவே சுமார் மூன்று மாதம் ஈரக் குளிரில் கிடக்க வேண்டும். முளைத்தாலும் பெரம்பூர் வாசகியின் கதைதான். அதே காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு நர்சரியில் பார்படோஸ் செர்ரிக் கன்றாக வாங்குங்கள். அடித்தண்டு தடித்து, கீழிருந்தே கிளை பிரிந்த கன்றாகப் பாருங்கள்.